டெலிசினியைக் கழற்றும் ஃபில்டர்: ஐந்து ஐந்தாக எண்ணாதீர்கள், ஃபீல்டுக்கு ஜோடி தேடுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த சினிமா, டெலிசினி என்ற மாற்றத்தால் 29.97 ஃபிரேம் என்டிஎஸ்சி (அமெரிக்காவின் பழைய தொலைக்காட்சி முறை) பதிவாகக் கையில் இருக்கிறது. ஆட்கள் நடக்கும்போது உருவத்தின் ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிகின்றன. பட ஃபிரேம்கள் மாறி மாறி 2, 3 ஃபீல்டுகளாக (ஃபீல்டு என்பது ஒன்றுவிட்ட வரிகளாலான பாதி ஃபிரேம்) மாறும் 2:3 வரிசையைக் கணக்கிட்டு ஐந்தில் ஒரு ஃபிரேமைக் கழிக்கும் ஃபில்டர் எழுதியாயிற்று. முதல் சில நிமிடங்கள் சுத்தமாக வருகிறது, பிறகு கோடுகள் திரும்பிவிடுகின்றன. எங்கே பிசகுகிறது, முறையாக எப்படி எழுதுவது?

2:3 வரிசை படம் முழுக்க மாறாமல் ஓடும் என்று நம்பி எழுதியதுதான் பிசகு. நிஜப் பதிவில் அது ஷாட் மாறும் எந்த வெட்டிலும் அறுபடலாம். எனவே ஃபில்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் படத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். வரிசை ஒரு துணைக் குறிப்பாக மட்டும் இருக்கட்டும். வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: முதலில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் சரியான ஜோடியைத் தேடுவது, அதன் பிறகு மிஞ்சும் இரட்டை ஃபிரேமைக் கழிப்பது. இரண்டையும் ஒரே படியில் செய்யப் போனால் இரண்டும் கெடும்.

இந்த வேலையை டிஇன்டர்லேஸ் செய்வதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டிஇன்டர்லேஸர் இல்லாத வரிகளை ஊகித்து நிரப்புகிறது. டெலிசினி செய்த படத்தில் ஊகிக்க ஒன்றுமில்லை, மூலப்படத்தின் எல்லா வரிகளும் பதிவுக்குள்ளேயே இடம் மாறிக் கிடக்கின்றன. எடுத்து உரிய இடத்தில் வைத்தால் மூல ஃபிரேம் முழுத் தெளிவோடு திரும்பக் கிடைக்கும். அப்படிக் கிடைக்கக்கூடியதை ஊகத்தால் நிரப்புவது படத்துக்குச் செய்யும் அநியாயம். அதனால்தான் கொஞ்சம் மெனக்கெட்டாலும் இதை ஒழுங்காக எழுதுவது தகும்.

வரிசை எப்படி உண்டாகிறது என்பதை ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள், மீதியெல்லாம் அதிலிருந்தே வரும். 1953-ல் அமெரிக்கா கலர் ஒளிபரப்புக்கு மாறியபோது 30 ஃபிரேம் என்பது 30000/1001 ஆகக் குறைந்தது, அதுதான் 29.97. ஆகவே படச்சுருளும் 24000/1001, அதாவது 23.976 வேகத்தில் ஓட்டப்படுகிறது. நான்கு பட ஃபிரேம்களை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். அவை முறையே 2, 3, 2, 3 ஃபீல்டுகளாக மாறி, பத்து ஃபீல்டு ஐந்து வீடியோ ஃபிரேம்களில் உட்காருகின்றன. மேல் ஃபீல்டு முதலில் வரும் பதிவில் இப்படி:

ஃபிரேம் 1: மேல் அ, கீழ் அ
ஃபிரேம் 2: மேல் ஆ, கீழ் ஆ
ஃபிரேம் 3: மேல் ஆ, கீழ் இ
ஃபிரேம் 4: மேல் இ, கீழ் ஈ
ஃபிரேம் 5: மேல் ஈ, கீழ் ஈ

மூன்று ஃபிரேம் சுத்தம், இரண்டு ஃபிரேம் கலப்பு. ஆ-வின் மேல் ஃபீல்டு இரண்டு முறை வந்திருக்கிறது, ஈ-யின் கீழ் ஃபீல்டும் அப்படியே.

நிரல் எழுதும் முன்னால் கையில் இருப்பது உண்மையிலேயே இந்த வகைதானா என்று பாருங்கள். அசைவு அதிகமான ஓர் இடத்தில் ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளுங்கள். மூன்று சுத்தம், இரண்டு கோடு என்று மாறி மாறி வந்தால் இந்த ஃபில்டர் பொருந்தும். அசையும்போது எல்லா ஃபிரேமிலும் கோடு இருந்தால் அது வீடியோ கேமராவில் எடுத்த அசல் இன்டர்லேஸ் (இரண்டு ஃபீல்டும் வெவ்வேறு கணத்தில் எடுத்தவை), அங்கே இதை ஓட்டக் கூடாது. கோடே இல்லாமல் ஐந்தில் ஒன்று மட்டும் அப்படியே திரும்ப வந்தால் கழித்தல் மட்டும் போதும். கோட்டுக்குப் பதிலாக இரண்டு உருவம் ஒன்றன்மேல் ஒன்றாக நிழல் போலத் தெரிந்தால், 25 ஃபிரேம் பால் (PAL என்ற தொலைக்காட்சி முறை) பதிவிலிருந்து ஃபீல்டுகளைக் கலந்து என்டிஎஸ்சி ஆக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அதில் பல ஃபீல்டுகளுக்குள்ளேயே இரண்டு படம் கரைந்துவிட்டதால் ஜோடி சேர்த்துப் பயனில்லை, அதற்கான வழி முற்றிலும் வேறு. இந்தியத் தொலைக்காட்சி பால் முறையில் இருந்ததால் நம் பக்கத்துப் பழைய பதிவுகளில் 2:3 வரிசையைத் தேட வேண்டியதும் இல்லை. பாலில் படத்தை 25-க்கு வேகப்படுத்திவிடுவார்கள், சுமார் 4 சதவீதம். சில சமயம் ஒரு ஃபீல்டு மட்டும் நகர்ந்து உட்கார்ந்திருக்கும். அதற்கு இந்த ஃபில்டரின் முதல் பாதியே போதும், எதையும் கழிக்கக் கூடாது.

டிவிடி என்றால் இன்னொன்றும் உண்டு. பல சினிமா டிவிடிகளில் படம் 23.976 புரோகிரசிவ் (ஃபீல்டுகள் கலக்காத முழு ஃபிரேம்) ஆகவே பதிந்திருக்கும். எம்பெக்-2 (டிவிடியின் சுருக்க முறை) ஓடையில் உள்ள 'ரிப்பீட் ஃபர்ஸ்ட் ஃபீல்டு', 'டாப் ஃபீல்டு ஃபர்ஸ்ட்' என்ற இரண்டு கொடிகள்தான் (ஃபிளாக் எனும் குறிப்புகள்) பிளேயரிடம் எந்த ஃபீல்டைத் திரும்பக் காட்ட வேண்டும் என்று சொல்லும். இந்த வகைக்கு ஃபில்டரே தேவையில்லை, கொடிகளைப் பொருட்படுத்தாமல் டிகோட் செய்தால் மூல ஃபிரேம் அப்படியே வரும். ஒரே வட்டில் பாதி கொடியாலும் பாதி நேரடியாகப் பதிந்த டெலிசினியாலும் வருவதுண்டு. அந்த நிலையில் கொடிகளை முழுதும் செயல்படுத்தி எல்லாவற்றையும் 29.97 ஆக்கிவிட்டு, பிறகு ஃபில்டருக்குள் அனுப்புவதே பாதுகாப்பு.

அடுத்து ஃபீல்டு வரிசை. என்டிஎஸ்சி டிஜிட்டல் வீடியோ (DV) கேமரா டேப்களில் கீழ் ஃபீல்டு முதலில், டிவிடிகளில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். தலைப்புத் தகவலை மட்டும் நம்பாதீர்கள். ஃபீல்டுகளைப் பிரித்து நொடிக்கு 59.94 ஆக ஓட்டிப் பாருங்கள், வரிசை தப்பாக இருந்தால் ஓடும் ஆள் ஓரடி முன்னும் ஓரடி பின்னுமாக உதறுவார். ஜோடி தேடல் முடிந்த பிறகும் ஐந்துக்குச் சரியாக இரண்டு ஃபிரேம் கோட்டுடன் நின்றால் அதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். படத்தின் மேலிருந்து ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரிகளை வெட்டினாலும் மேல் கீழாகிவிடும். வெட்டுவதானால் நான்கின் மடங்கில் வெட்டுங்கள், குரோமாவும் (வண்ணத் தகவல்) தப்பும். உயரத்தை மாற்றுவது, இரைச்சல் நீக்குவது எல்லாம் இந்த ஃபில்டருக்குப் பின்னால்தான். உயரம் மாற்றிய படத்தில் இரண்டு ஃபீல்டும் பாலும் தண்ணீருமாகக் கலந்துவிட்டிருக்கும், பிரிக்க முடியாது.

இனி ஜோடி தேடல். மேல் ஃபீல்டு முதலில் வரும் பதிவில் ஒவ்வொரு ஃபிரேமின் மேல் ஃபீல்டையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். காலத்தில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் ஃபீல்டுகள் இரண்டே இரண்டு: முந்தைய ஃபிரேமின் கீழ் ஃபீல்டு, அதே ஃபிரேமின் கீழ் ஃபீல்டு. ஏற்கெனவே புழங்கும் ஃபில்டர்களில் முந்தையதை 'பி' என்றும் இப்போதையதை 'சி' என்றும் குறிப்பார்கள், இங்கும் அதுவே. மேலே உள்ள அட்டவணையில் விரல் வைத்துப் பாருங்கள். முதல் ஃபிரேமுக்கு சி, இரண்டாவதற்கு சி, மூன்றாவதற்கு பி, நான்காவதற்கும் பி. ஐந்தாவதில் ஈ-யின் கீழ் ஃபீல்டு முந்தைய ஃபிரேமிலும் இருக்கிறது, இதிலும் இருக்கிறது. ஆகவே எதை எடுத்தாலும் சரிதான். ஆனால் ஒரே ஃபிரேமாகச் சேர்ந்து சுருக்கப்பட்ட ஜோடி சற்றுச் சுத்தமாக இருக்கும் என்பதால் சி-யை எடுங்கள். வெளியே வரும் வரிசை அ, ஆ, ஆ, இ, ஈ. கோடு போய்விட்டது, ஓர் ஆ மட்டும் கூடுதல்.

இந்த 'சி சி பி பி சி' வரிசையில் கவனிக்க வேண்டிய ஒன்று: இரட்டை ஃபிரேம் எப்போதும் சி-யிலிருந்து பி-க்கு மாறும் முதல் ஃபிரேம்தான். கழிக்கும் படியில் இது பெரிதும் உதவும், முடிவை ஃபிரேமோடு சேர்த்து அடுத்த படிக்கு அனுப்பிவையுங்கள்.

எந்த ஜோடி சரி என்று எப்படி அளப்பது? செங்குத்தாக ஐந்து வரிகளை எடுங்கள். நடுவில் உள்ள பிக்சல் ந, அதற்கு மேலே உள்ளவை மே1, மே2, கீழே உள்ளவை கீ1, கீ2. நடு பிக்சல் மேல் கீழ் இரண்டையும் விட வரம்புக்கு மேல் கூடுதலாகவோ, இரண்டையும் விட வரம்புக்கு மேல் குறைவாகவோ இருக்க வேண்டும். அதோடு

|4×ந − 3×(மே1 + கீ1) + மே2 + கீ2|

என்ற மதிப்பு வரம்பின் ஆறு மடங்கைத் தாண்ட வேண்டும். இரண்டும் நடந்தால் அந்த பிக்சலில் சீப்புக் கோடு என்று குறியுங்கள். எட்டு பிட் படத்துக்கு வரம்பு 9 நல்ல தொடக்கம், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளின் ஃபீல்டுமேட்ச் ஃபில்டரும் அதையே இயல்பு மதிப்பாக வைத்திருக்கிறது. ஆறு மடங்கு என்றால் 54.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். கோடு விழுந்த இடம் 40, 120, 40, 120, 40 என்று இருக்கும். நடுவில் உள்ள 40 இரு பக்கத்தையும் விட 80 குறைவு. சூத்திரம் 160 − 720 + 80, அதாவது 480. வரம்பைத் தாராளமாகத் தாண்டுகிறது. சாதாரண ஓரம் ஒன்று 40, 40, 120, 120, 120. நடுவில் உள்ள 120-க்கு மேலே 80 வித்தியாசம், கீழே ஒன்றுமில்லை, ஆகவே முதல் நிபந்தனையிலேயே கழிந்துவிடுகிறது. மெல்லிய இரைச்சல் 40, 46, 40, 46, 40. வித்தியாசம் 6, வரம்புக்குள். சிக்கலானது 40, 40, 120, 40, 40: ஜன்னல் கம்பி, சட்டைக் கோடு, மெல்லிய எழுத்து. நடு பிக்சலுக்கு 480 − 240 + 80 = 320 வந்து, இது கோடு என்று பொய்யாகக் குறி விழும். ஆனால் அதற்கு மேலே உள்ள 40-க்கு ஒரு பக்கம்தான் வித்தியாசம், அங்கே குறி விழாது. எனவே அடுத்தடுத்து மூன்று வரியிலும் குறி விழுந்தால் மட்டுமே அந்த பிக்சலை எண்ணிக்கையில் சேருங்கள். இந்த ஒரு நிபந்தனை பெரும்பாலான பொய்க் குறிகளை வடிகட்டிவிடும்.

இந்தக் குறியை ஜோடி தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தாதீர்கள். புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். இருட்டுக் காட்சியில் ஃபீல்டுகளுக்கு இடையே 5 அளவுதான் வித்தியாசம் இருக்கும். வரம்பு 9 என்றால் இரண்டு ஜோடியும் சுத்தம் என்று வரும், பார்ப்பவர் கண்ணுக்கோ இருட்டில் கோடு தெரியும். தேர்வுக்குத் தேவை ஒப்பீடு. பி-க்கும் சி-க்கும் கீழ் ஃபீல்டு மட்டும்தான் வேறு, ஆகவே முதலில் அந்த இரண்டு கீழ் ஃபீல்டுகளையும் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் பிக்சல்களில் கேள்வியே எழவில்லை, அவற்றை விட்டுவிடுங்கள். மாறும் பிக்சல்களில் மட்டும் மேலே சொன்ன சூத்திரத்தின் மதிப்பை இரண்டு ஜோடிக்கும் கூட்டி, குறைந்ததை எடுங்கள். நின்றுகொண்டிருக்கும் சுவரும் கம்பியும் கூட்டலுக்குள் வராததால் பேசும் உதடு அளவுக்குச் சிறிய அசைவும் தேர்வைத் தீர்மானிக்கும். கூட்டுத் தொகைக்கு 64 பிட் எண் வையுங்கள். சூத்திரத்தின் உச்சம் எட்டு பிட்டில் 1530, முழு எச்டி ஃபிரேமில் 20,73,600 பிக்சல். பெருக்கினால் 300 கோடியைத் தாண்டும், 32 பிட் குறியுள்ள எண் 214 கோடிச் சொச்சத்திலேயே கவிழ்ந்துவிடும்.

விளிம்புகளையும் விலக்குங்கள். விஎச்எஸ் டேப்பிலிருந்து எடுத்த பதிவில் அடிப்பக்கத்து 8 முதல் 12 வரி வரை டேப்பைப் படிக்கும் ஹெட் மாறுவதால் வரும் இரைச்சல் ஓடும், அது தேர்வைக் கெடுக்கும். பின்னால் சேர்த்த சேனல் முத்திரை, ஓடும் செய்தி வரி இருந்தால் அந்தப் பட்டையையும் விலக்கும் வசதி வையுங்கள்.

இதுவரை வந்ததை ஒரு பதிவேட்டில் அச்சிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் இப்படி இருக்கும், எண்கள் மாதிரிக்காக:

1041: பி 5210, சி 88, தேர்வு சி
1042: பி 6034, சி 102, தேர்வு சி
1043: பி 95, சி 5877, தேர்வு பி
1044: பி 110, சி 6120, தேர்வு பி
1045: பி 93, சி 90, தேர்வு சி

ஐந்தாவது வரியில் இரண்டும் சமமாக இருப்பதுதான் ஆரோக்கியமான பதிவின் அடையாளம். காட்சியே அசையாமல் நின்றால் எல்லா வரிகளும் இப்படிச் சமமாகிவிடும். அப்போது எதை எடுத்தாலும் கண்ணுக்குச் சரிதான், ஆனால் இரைச்சலைப் பொறுத்துத் தேர்வு தாறுமாறாகத் தாவும். வரிசையைக் குறிப்பாகப் பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான். இரண்டு முழுச் சுற்று, அதாவது பத்து ஃபிரேம், ஒரே வரிசையில் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சமம் வரும்போது அந்த வரிசை சொல்வதை எடுங்கள். ஆனால் வரிசை சொல்லும் ஜோடியின் கூட்டுத் தொகை மற்றதைவிட ஒன்றரை மடங்கு கூடினாலே விட்டுவிடுங்கள். பிடிப்பது நிதானமாக, விடுவது உடனே. இதைத் தலைகீழாக வைத்தால் ஒரு வெட்டுக்குப் பிறகு அரை நொடி முழுக்கக் கோடு விழும்.

வெட்டுகளைப் பற்றி. படச்சுருளிலேயே வெட்டி ஒட்டிய பிறகு டெலிசினி செய்த சினிமாவில் வெட்டு வரிசையைக் கலைக்காது. படச்சுருளில் எடுத்து, டெலிசினி செய்து, வீடியோ டேப்பில் எடிட் செய்த 1980, 90-களின் அமெரிக்கத் தொடர்களில் ஏறக்குறைய ஒவ்வொரு வெட்டிலும் வரிசை தாவும். உங்கள் ஃபில்டர் சில நிமிடங்களில் தடுமாறியதற்குக் காரணம் பெரும்பாலும் இப்படி ஒரு வெட்டுதான். ஜோடி தேடும் முறைக்குப் பெரும்பாலான தாவல்கள் ஒரு பொருட்டே அல்ல. ஒரு நிலைமை மட்டும் கடினம்: புது ஷாட் அட்டவணையின் நான்காவது ஃபிரேமில் தொடங்கினால், மேலே இ, கீழே ஈ. இ-யின் கீழ் ஃபீல்டு மூன்றாவது ஃபிரேமில் இருந்தது, அது வெட்டோடு போய்விட்டது. பி எடுத்தால் முந்தைய ஷாட்டின் படம் கலக்கும், சி எடுத்தால் ஈ கலக்கும். பதிவேட்டில் இரண்டு எண்ணும் பெரிதாக நிற்கும். இங்கே நிலையான ஃபீல்டை மாற்றிக்கொள்ளுங்கள்: இந்த ஃபிரேமின் கீழ் ஃபீல்டான ஈ-யை வைத்து, அடுத்த ஃபிரேமின் மேல் ஃபீல்டோடு சேர்த்தால் ஈ முழுதாகக் கிடைக்கும். ஜோடி இழந்த இ-யைப் பாதித் தெளிவில் ஊகித்துக் காட்டுவதைவிட, வெட்டு விழும் அந்த ஒரு கணத்தில் முழுமையான ஈ-யைக் காட்டுவதே மேல். இந்த மாற்று ஜோடியை வழக்கமான தேர்வில் சேர்க்காதீர்கள். பி, சி இரண்டும் தோற்றால் மட்டும் முயலுங்கள், இல்லாவிட்டால் அசைவு முன்னும் பின்னும் இழுக்கும்.

அதுவும் தோற்ற ஃபிரேமைக் கண்டுபிடிக்கத்தான் முன்னே சொன்ன 9 என்ற வரம்பும் மூன்று வரி நிபந்தனையும். தேர்ந்தெடுத்த ஃபிரேமை 16×16 பிளாக்குகளாக, பாதி பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பிரித்து, ஏதாவது ஒரு பிளாக்கில் 80 பிக்சலுக்கு மேல் குறி விழுந்தால் அந்த ஃபிரேம் இன்னும் இன்டர்லேஸ் என்று முத்திரையிடுங்கள். முழு ஃபிரேமின் மொத்தத்தைப் பார்க்கக் கூடாது. அசையாத அறையில் ஒரு கை மட்டும் அசைந்தால் மொத்தத்தில் அது காணாமல் போய்விடும், பிளாக்கில் பளிச்சென்று தெரியும். முத்திரை விழுந்த ஃபிரேம்களை மட்டும் டிஇன்டர்லேஸருக்கு அனுப்புங்கள். இது கழித்தலுக்கு முன்னால் நடக்க வேண்டும், ஏனென்றால் கோடு விழுந்த ஃபிரேம் பக்கத்து ஃபிரேமிலிருந்து பெரிதும் வேறுபட்டதாகத் தோன்றி, இரட்டையைக் கண்டுபிடிக்கும் கணக்கைக் குலைக்கும். எஃப்எஃப்எம்பெக்கில் ஃபீல்டுமேட்ச், டெசிமேட் என்று இரண்டு ஃபில்டராக வைத்து நடுவில் யாடிஃப் போன்ற டிஇன்டர்லேஸர் ஒன்றைச் செருக இடம் விட்டிருப்பது இதற்காகத்தான்.

கழித்தல் எளிது போலத் தோன்றும். அடுத்தடுத்த ஃபிரேம்களின் வித்தியாசத்தை 32×32 பிளாக்குகளில் கூட்டி, மிகப் பெரிய பிளாக் மதிப்பை அந்த ஃபிரேமின் எண்ணாக வையுங்கள். ஐந்தில் எது மிகக் குறைவோ அதைக் கழியுங்கள். பி ஜோடியில் பிறந்த இரட்டையின் கீழ் ஃபீல்டு முந்தைய ஃபிரேமின் கீழ் ஃபீல்டேதான், பிட் பிசகாத நகல். ஆகவே மேல் ஃபீல்டு வரிகளை மட்டும் ஒப்பிட்டாலே போதும், சுருக்கத்தால் வந்த வித்தியாசம் மட்டுமே மிஞ்சும். ஒரு பிளாக்கின் உச்ச வித்தியாசத்தில் 1.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரட்டை என்று கொள்ளலாம், பிக்சலுக்குச் சராசரி 2.8 என்ற கணக்கு.

வரிசை அறுந்த சுற்றில் இரட்டையே இல்லாமல் போகலாம், இரண்டும் வரலாம். இரட்டை இல்லாத சுற்றில் குருட்டுத்தனமாக ஒன்றைக் கழித்தால் உண்மையான ஒரு ஃபிரேம் போய்விடும், கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் சட்டென்று ஒரு குதி தெரியும். அதனால் ஒரு சுற்றை மட்டும் பார்க்காமல் அடுத்த சுற்றையும் சேர்த்துப் பத்து ஃபிரேமைப் பாருங்கள். இந்தச் சுற்றில் இரட்டை இல்லை, அடுத்ததில் இரண்டு என்றால் அங்கே இரண்டையும் கழித்து, இடையில் உள்ளவற்றின் நேரத்தைச் சீராகப் பங்கிடுங்கள். பத்துக்கு இரண்டு என்ற கணக்கு நின்றால் ஒலி நழுவாது.

ஜப்பானிய அனிமே தனிப் பேச்சு. அங்கே ஒரே ஓவியம் இரண்டு மூன்று பட ஃபிரேம்களுக்கு நிற்கும், ஆகவே ஒரு சுற்றுக்குள் மூன்று நான்கு ஃபிரேம் இரட்டையாகத் தெரியும். மிகக் குறைந்த எண்ணை எடுக்கும் முறை இரைச்சலைப் பார்த்து ஏதோ ஒன்றைக் கழிக்கும். உள்ளடக்கம் தொலையாது, ஆனால் 2, 2, 2 என்று நிற்க வேண்டிய ஓவியங்கள் 1, 3, 2 என்று நின்று நடை நொண்டும். இங்கே வித்தியாச எண்ணைவிட, சி-யிலிருந்து பி-க்கு மாறிய இடம் நம்பகமானது. அசைவு தெரிந்த சுற்றில் கிடைத்த அந்த இடத்தை, அசைவில்லாத சுற்றுகளுக்கும் நீட்டுங்கள்.

வெளியேறும் நேரக்குறி எளிய சோதனை: ஐந்து உள்ளீட்டு ஃபிரேம் 5×1001/30000 நொடி, நான்கு வெளியீட்டு ஃபிரேம் 4×1001/24000 நொடி, இரண்டும் ஒன்றே. ஃபிரேம் எண்ணை 1001/24000-ஆல் பெருக்கி நேரம் எழுதுங்கள். முந்தைய நேரத்தோடு 0.0417 கூட்டிக்கொண்டே போனால் தசமப் பிழை சேர்ந்து, நீண்ட படத்தில் உதடும் ஒலியும் பிரியும்.

தீர்க்கவே முடியாத ஒன்றும் உண்டு. படத்தின்மேல் வீடியோவில் 59.94 ஃபீல்டு வேகத்தில் ஓட்டிய எழுத்துகள். பின்னணி 2:3 வரிசையில், எழுத்து தனி வேகத்தில். ஜோடி சேர்த்தால் எழுத்தில் கோடு, எழுத்துக்காக டிஇன்டர்லேஸ் செய்தால் பின்னணியின் தெளிவு போகும். எழுத்து ஓடும் பட்டையைத் தேர்விலிருந்து விலக்கி, பின்னணிக்குச் சரியான ஜோடியை எடுத்து, அந்தப் பட்டையை மட்டும் டிஇன்டர்லேஸ் செய்வது இருப்பதற்குள் நல்லது.

குரோமாவை மறக்க வேண்டாம். குரோமாவைப் பாதி அகலத்திலும் பாதி உயரத்திலும் வைக்கும் 4:2:0 இன்டர்லேஸ் பதிவில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தன் குரோமா வரிகள் தனியாக உண்டு. லூமாவில் (வெளிச்சத் தகவல்) கீழ் ஃபீல்டை மாற்றும்போது குரோமா தளங்களிலும் கீழ் ஃபீல்டு வரிகளை அதே ஃபிரேமிலிருந்து நகலெடுங்கள். விட்டால் கறுப்பு வெள்ளையில் எல்லாம் சுத்தமாக இருக்கும், சிவப்புச் சேலை அசையும்போது மட்டும் ஓரத்தில் தடித்த வண்ணப் பற்கள் நிற்கும். குரோமா பாதி உயரம் என்பதால் அந்தப் பற்கள் லூமாவில் வருவதைவிட இரண்டு மடங்கு தடிமன், பார்த்த உடனே அடையாளம் தெரியும்.

2:3:3:2 என்ற இன்னொரு வரிசை சில 24 ஃபிரேம் வீடியோ கேமராக்களில் வரும். அதில் மூன்றாவது ஃபிரேம் மட்டுமே கலப்பு, அதன் இரண்டு ஃபீல்டும் பக்கத்து ஃபிரேம்களிலேயே இருக்கின்றன. மூன்றாவதைத் தூக்கி எறிந்தால் வேலை முடிந்தது.

கடைசியாகச் சோதனை. நிஜப் பதிவில் தொடங்காதீர்கள், அங்கே சரியான விடை என்னவென்று ஒப்பிட எதுவும் இருக்காது. 23.976 ஃபிரேம் புரோகிரசிவ் துண்டு ஒன்றில் ஒவ்வொரு ஃபிரேமிலும் எண்ணைப் பெரிதாக எழுதி, எஃப்எஃப்எம்பெக்கின் டெலிசினி ஃபில்டரால் 29.97 ஆக்கி, இழப்பில்லாமல் சேமியுங்கள். உங்கள் ஃபில்டர் வழியாக வந்தது மூலத்தோடு பிட் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒரு பிக்சல் வேறுபட்டாலும் பிழை நிரலில்தான், படத்தில் இல்லை. அடுத்து அதையே எம்பெக்-2 ஆகச் சுருக்கி ஓட்டுங்கள், இரட்டை வரம்பு சரியா என்று அப்போது தெரியும். மூன்றாவது வெட்டுச் சோதனை: முந்தைய ஷாட் சுற்றின் ஐந்து இடங்களில் எதிலும் முடியலாம், அடுத்தது ஐந்தில் எதிலும் தொடங்கலாம், மொத்தம் 25 இணைப்பு. அதில் ஐந்தில் வரிசை தொடரும், மீதி இருபதில் அறும். இருபதையும் ஒரே கோப்பில் வரிசையாக ஒட்டி ஓட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பதிவேட்டில் தேர்ந்தெடுத்த ஜோடியின் எண்ணே பெரிதாக நிற்கும் வரிகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் வரிசையை விடும் பகுதி தாமதமாக வேலை செய்கிறது, முதலில் அந்த ஒன்றரை மடங்கு வரம்பைக் குறைத்துப் பாருங்கள்.